புகையாத புகையிலை

(பத்தாம் ஆண்டு நிறைவையொட்டி ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



ஓரிக்கை என்னும் ஊர்ப்பெயருக்கு வைணவ மரபு ஒரு கதை சொல்லும். திருவெஃகாவில் தங்கியிருந்த திருமழிசையாழ்வாருக்கு மூதாட்டி ஒருத்தி நாள்தோறும் இடத்தைக் கூட்டி மெழுகிப் பணிசெய்து வந்தாள். அவள் தளர்ச்சியைக் கண்டு இரங்கிய ஆழ்வார் அவளுக்கு இளமையை மீட்டுத் தந்தார். இளமை பெற்றவளைப் பல்லவ மன்னன் மணந்துகொண்டான். தனக்கும் அவ்வாறே மூப்பு நீங்கவேண்டும் என ஆசைப்பட்டு, ஆழ்வாரின் சீடர் கணிகண்ணனைத் தன்மீது பாடுமாறு பணித்தான். கணிகண்ணன் மறுத்தார், நாடு கடத்தப்பட்டார். ஆழ்வாரும் உடன் புறப்பட, பெருமாளும் பாம்பணையைச் சுருட்டிக்கொண்டு பின்தொடர்ந்தார் என்பது கதை. அவர்கள் ஓர் இரவு தங்கிய இடமே ‘ஓரிரவிருக்கை’ என்றாகிப் பின் ஓரிக்கை ஆயிற்று என்பர்.

இக்கதையைக் கேட்போர் கணிகண்ணனின் துணிவைப் போற்றுவர். கவிஞர்கள் போற்றுவதில் வியப்பும் இல்லை. ஆனால் கதையைத் தொடங்கிவைத்த அம்மூதாட்டி என்ன ஆனாள் என்று கேட்பாரில்லை. துடைப்பம் பிடித்துத் தேய்ந்த உடம்பு அவளுடையது. உழைத்துத் தளர்ந்த உடம்பைப் பாட்டால் நிமிர்த்துவது புராணத்திலே நடக்கும். வாழ்க்கையில் அவ்வுடம்பு வேறு எதையேனும் பற்றிக்கொண்டுதான் மறுநாள் எழுந்து நடக்கவேண்டியிருக்கிறது. அவ்வாறு பற்றிக்கொள்ளப்படும் பொருள்களுள் ஒன்றாகிய புகையிலையும், பெண்களை அதனிடம் கொண்டுசேர்க்கும் சமூக, பொருளாதாரக் காரணங்களும் இவ்வுரைக்குப் பொருளாகின்றன.

‘பெண்கள் ஏன் புகைக்கிறார்கள்’ என்னும் வினா மேலைநாடுகளில் நூற்றுக்கணக்கான ஆய்வுகளுக்கு இடமளித்தது. அவ்வினாவை அப்படியே பெயர்த்துத் தமிழ்நாட்டில் வைத்தால் விடை கிடைக்காது. இந்தியாவில் 2016-17இல் நடத்தப்பட்ட வயது வந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பின்படி, ஆண்களில் 19.0 விழுக்காட்டினர் புகைத்தனர், பெண்களில் 2.0 விழுக்காட்டினரே புகைத்தனர். இந்த ஒரு வரியோடு நிறுத்திக்கொண்டு, நம் பெண்கள் நல்லவர்கள் என்று மேடையில் பெருமை பேசிவிட்டுப் போகின்றவர்கள் உண்டு. அடுத்த வரி அப்பெருமைக்கு இடம் தருவதில்லை. மெல்லுதல், அடக்குதல், பொடியாக உறிஞ்சுதல் எனப் புகையின்றிப் புகையிலை கொள்ளும் பெண்கள் அதே கணக்கில் 12.8 விழுக்காட்டினர். 2009-10இல் இது 18.4 விழுக்காடாக இருந்தது. குறைந்திருக்கிறது; எனினும் புகைக்கும் ஒரு பெண்ணுக்கு ஆறு பெண்கள் என்ற அளவில் புகையாமல் புகையிலையை வாயில் வைத்திருக்கிறார்கள். பெயரிலேயே புகையைக் கொண்ட இலை பெண்ணிடம் வரும்போது புகையை விட்டுவிட்டு வருகிறது. ஏன் என்பதே ஆராயத்தக்கது.

முதற்காரணம் புகை கண்ணுக்குத் தெரிவது. அது பிறர் மூக்கில் ஏறும். புகைப்பவர் ஓய்ந்திருக்கிறார் என்று ஊருக்கு அறிவிக்கும். ஆண் தெருமுனையில் நின்று ஓய்ந்திருக்கலாம், பெண் அப்படி நிற்க ஊர் ஒப்பாது. தமிழ்த் திரைப்படம் இதை நன்றாக அறிந்திருந்தது. கதாநாயகன் சிகரெட்டைச் சுழற்றி உதட்டில் பிடித்தால் கொட்டகை அதிர்ந்தது. பெண் பிடித்தால் அவள் கெட்டவள் என்பதற்கு வேறு வசனம் எழுதவேண்டிய தேவை உரையாசிரியருக்கு இல்லாமற் போயிற்று. ஆயினும் இத்தடை எல்லாப் பெண்களுக்கும் ஒரேவிதமாக இருந்ததில்லை. வயலிலும் கடற்கரையிலும் உழைத்த முதிய பெண்கள் சுருட்டுப் பிடித்ததை ஊர் பொறுத்துக்கொண்டது. பிள்ளை பெற்று, பேரன் எடுத்து, குடும்ப மானம் என்னும் சுமையிலிருந்து வயதால் விடுதலை பெற்ற பெண்ணின் புகையால் யாருக்கும் இழுக்கில்லை என்று கருதப்பட்டது போலும். ஆக, ஊர் காத்தது பெண்ணின் நுரையீரலை அன்று.

ஆந்திரக் கடற்கரையில், ஸ்ரீகாகுளம், விசாகப்பட்டினம் பகுதிகளில், சுருட்டின் எரியும் முனையை வாய்க்குள் வைத்துப் புகைக்கும் வழக்கம் உண்டு. அதைச் செய்வோரில் பெரும்பாலோர் பெண்கள். 10,169 ஊர்மக்களின் மேலண்ணத்தைச் சோதித்து 1971இல் வெளிவந்த ஆய்வொன்று இதனை மருத்துவ உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தது. காற்றில் அணையாமல் இருக்க, கைவேலைக்கு இடைஞ்சல் இல்லாமல் இருக்க, தாயைப் பார்த்துப் பழகியதால் எனப் பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. நெருப்பையே வாய்க்குள் மறைத்துக்கொள்ளும் இவ்வழக்கத்தைக் கற்பனையாக ஒரு கவிஞர் எழுதியிருந்தால் மிகை என்று தள்ளியிருப்பார்கள்.

இனி வெற்றிலைக்கு வருவோர்க்கு வேறொரு கதவு திறக்கும். தாம்பூலம் மங்கலப் பொருள். திருமணம் உறுதியாவது அதனால். விருந்து நிறைவதும் அதனால். மங்கலம் என்பதாலேயே கணவனை இழந்த பெண்ணுக்கு அதனை மறுத்தன உயர்சாதிக் குடும்பங்கள். உழைக்கும் சாதிகளில் இத்தடை அவ்வளவாகச் செல்லுபடியாகவில்லை. நடவுக்கும் களைக்கும் வருகின்ற பெண்களுக்குக் கூலியோடு வெற்றிலை பாக்குக்கும் சேர்த்துக் கொடுப்பது பல ஊர்களில் வழக்கமாக இருந்தது. வெற்றிலை வந்தால் பாக்கும் சுண்ணாம்பும் வரும். அவற்றின் பின்னால் ஒரு கிள்ளுப் புகையிலை ஓசையின்றி வந்து சேரும். மங்கலப் பொருளின் மடிப்புக்குள் அது ஒளிந்துகொள்வதால் அதற்குத் தனிப் பழி இல்லை. “வெற்றிலை போடுவேன்” என்று சொல்லும் பெண், புகையிலை கொள்ளும் பழக்கம் உண்டா என்று கேட்டால் இல்லை என்று மனமறிந்து பொய் சொல்வதாகக் கொள்ளக் கூடாது. அவள் கணக்கில் அது வெற்றிலையே.

இதற்குள் ஒரு வேதியியலும் இருக்கிறது. சுண்ணாம்பு காரத்தன்மை உடையது. காரம் சேரும்போது புகையிலையின் நிகோட்டின் வாயின் மென்தோல் வழியே விரைந்து இரத்தத்தில் கலக்கிறது. பசி மந்தமாகிறது, பல்வலி மரத்துப்போகிறது, சோர்வு சற்றே விலகியது போலத் தோன்றுகிறது. வீட்டில் எல்லோரும் உண்டபின் சட்டியில் எஞ்சியதை உண்பவளுக்கு, எஞ்சியது போதாத நாளில் இது கைகொடுக்கிறது. ஒரு வேளைச் சோற்றைக் காட்டிலும் ஒரு கிள்ளுப் புகையிலை மலிவு. பொருளாதாரம் என்று பெரிய சொல்லால் குறிக்கப்படுவதன் அடிப்படை இவ்வளவுதான்.

கிழவிகளின் இடுப்பில் தொங்கும் சுருக்குப்பையைக் கவிஞர்கள் பாடியிருக்கிறார்கள்; பெரும்பாலும் ஏக்கத்தோடு. அதனுள் வெற்றிலை, களிப்பாக்கு, சுண்ணாம்பு டப்பி, புகையிலைத் துண்டு, சில நாணயங்கள். வீடும் நிலமும் கணவன் பெயரிலும் பிறகு மகன் பெயரிலும் இருக்க, யாரையும் கேளாமல் திறந்து மூடக்கூடிய உடைமை அவளுக்கு அந்தப் பை ஒன்றுதான். இங்கிலாந்தில் ஹிலரி கிரகாம் என்னும் சமூகவியலாளர் 1980களிலும் 1990களிலும் ஏழைத் தாய்மாரிடையே ஆய்வு செய்தார். தமக்கென்று அவர்கள் செலவிடும் ஒரே காசு சிகரெட்டுக்கானது என்பதும், குழந்தைகளின் கூச்சலுக்கிடையே அவர்கள் பிடித்துவைத்துக்கொள்ளும் ஐந்து நிமிட ஓய்வுக்கு அது பெயர் என்பதும் அவர் கண்டவை. அந்த வெண்சுருளையும் இந்தச் சுருக்குப்பையையும் அருகருகே வைத்துப் பார்த்தால், பழக்கத்துக்குள் இருப்பது ஒரே தேவை என்பது விளங்கும்.

காஞ்சி நெசவாளர் வீட்டுக்குள் நுழைந்தால் இது மேலும் துலங்கும். பட்டு நெசவில் தறியில் அமர்பவர் ஒருவர் என்று வெளியார் எண்ணுவர். அவர் நாடா எறிவதற்குள் வேறு கைகள் பலநாள் உழைத்திருக்கும். இழையைப் பிரித்துச் சுற்றுதல், தார் சுற்றுதல், முடிந்த பாவின் ஆயிரக்கணக்கான இழைகளோடு புதுப்பாவின் இழைகளை ஒவ்வொன்றாக முறுக்கி இணைத்தல் ஆகியவற்றில் பெரும்பகுதி பெண்களின் வேலை. உடலும் கரையும் வேறு நிறமாகும் கோர்வைச் சேலைக்குத் தறியிலேயே பக்கத்தில் ஓர் ஆள் துணைவேண்டும். அத்துணையும் பல வீடுகளில் மனைவியோ மகளோதான். கூலியோ சேலைக்கு இவ்வளவு என்று கணக்கிடப்பட்டுக் குடும்பத்தலைவன் கையில் வரும். பெண்ணின் உழைப்பு அச்சேலைக்குள் இழையாய் மறைந்துவிடும். தனிக்கூலி என்று ஒன்று எழுதப்படுவதில்லை. மழைக்காலத்தில் குழித்தறியில் ஈரம் ஊறி வேலை நின்றால், வருமானம் நிற்கும் நாளில் முதலில் சுருங்குவது அவள் தட்டு.

இந்த வேலையில் இரண்டு கைகளும் எப்போதும் இழையில் இருக்கவேண்டும். சிகரெட்டோ பீடியோ ஒரு கையைக் கேட்கும், நெருப்பையும் கேட்கும். பட்டும் ஜரிகையும் விரிந்து கிடக்கும் அறையில் தீப்பொறிக்கு இடமில்லை. வாயில் அடக்கிய புகையிலை கையைக் கேட்பதில்லை, நேரத்தைக் கேட்பதில்லை, எழுந்து வெளியே போகவும் சொல்வதில்லை. வேலையை நிறுத்தாமலே வேலையின் களைப்பை மறக்கச் செய்யும் பொருள் இது. முதலாளிக்கு இதைவிட வசதியான போதை இருக்கமுடியாது. நெசவுக்கு மட்டும் உரியதன்று இது. தேயிலைக் கொழுந்து பறிக்கும் கைகளுக்கும், செங்கல் சுமக்கும் கைகளுக்கும் இது பொருந்தும். நீலகிரியிலும் வால்பாறையிலும் இலங்கை மலையகத்திலும் தமிழ்ப்பெண்கள் வெற்றிலையையும் உடன்கொண்டு சென்றார்கள். மலேசியாவில் வாய்ப்புற்றுக்கு ஆளாகும் பெண்களில் இந்திய வம்சாவளியினரின் பங்கு அவர்கள் மக்கள்தொகை அளவைவிட மிகுதி என்று அந்நாட்டு மருத்துவர்கள் பல்லாண்டுகளாக எழுதி வந்துள்ளனர். தோட்டக் கூலிகளாய்ப் போனவர்களின் பேத்திகள் அவர்கள்.

புகையிலை பெண்ணை வேறொரு வழியாகவும் பிடித்திருக்கிறது. திருநெல்வேலி, தென்காசி, வேலூர், குடியாத்தம் பகுதிகளில் பல இலட்சம் பெண்கள் பீடி சுற்றுகிறார்கள். மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசாக் காடுகளிலிருந்து வரும் இலையை நனைத்து, தகர அச்சை வைத்துக் கத்தரியால் வெட்டி, மடியிலுள்ள முறத்திலிருந்து தூளைக் கிள்ளி வைத்துச் சுருட்டி, நூலால் கட்டி, முனையை மடித்து அடைக்கிறார்கள். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. கடையில் சோதித்துக் கழித்துவிட்டால் கழிந்தது கழிந்ததே. 1966ஆம் ஆண்டுச் சட்டம் பீடித் தொழிலாளர்க்கு உரிமைகளை வகுத்தது. 1976இல் நலநிதிச் சட்டம் வந்தது. வேலை வீட்டுக்குள் நடப்பதால் அச்சட்டங்கள் வாசற்படியில் தயங்கி நின்ற காலமே அதிகம். நெல்லைச் சீமையில் பெண்பார்க்க வருபவர்கள் “பீடி சுற்றத் தெரியுமா” என்று கேட்டது பலரும் எழுதிய செய்தி. இப்பெண்களில் பீடி புகைப்பவர் அரியர். தூளை மூச்சில் வாங்குவதும், அதைப் பால்குடிக்கும் குழந்தை பக்கத்தில் கிடந்து வாங்குவதும் அன்றாடம். புகைக்காத பெண்ணின் வருமானமே புகையால்தான் என்ற நிலையில், புகையிலையை ஒழிப்போம் என்று முழங்குவோர் அவளுக்கு மாற்றுவேலை என்ன என்று சொல்லாமல் மேடையை விட்டு இறங்குவது முறையாகாது.

கவிஞர்கள் நிறைந்த அவையில் நியூயார்க் நகரத்து நிகழ்ச்சியொன்றைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். 1929ஆம் ஆண்டு ஈஸ்டர் நாளன்று ஐந்தாம் நிழற்சாலையில் சில இளம்பெண்கள் ஊர்வலத்தினிடையே சிகரெட்டைப் பற்றவைத்தனர். பொதுவிடத்தில் பெண் புகைப்பது அங்கும் இழிவாகக் கருதப்பட்ட காலம். அவர்கள் கையிலிருந்தவை ‘விடுதலைத் தீவட்டிகள்’ எனச் செய்தித்தாள்களில் பேசப்பட்டன. ஏற்பாடு செய்தவர் எட்வர்ட் பெர்னேஸ் என்னும் விளம்பர வல்லுநர். பணம் அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனியினுடையது. உளப்பகுப்பாய்வாளர் ஏ. ஏ. பிரில் என்பவரிடம் கட்டணம் கொடுத்துக் கருத்துக் கேட்டபின் உருவான உருவகம் அது. அமெரிக்கப் பெண்கள் வாக்குரிமை பெற்று ஒன்பதாண்டுகளே ஆகியிருந்தன. உண்மையான வேட்கையொன்று தெருவில் நடந்துகொண்டிருந்தது. அதன் கையில் வணிகன் தன் சரக்கைச் செருகினான். ஒரு நல்ல உருவகம் எவ்வளவு வலிமையுடையது, யாருக்கெல்லாம் கூலிக்குப் போகக்கூடியது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது கடினம். 1968இல் விர்ஜீனியா ஸ்லிம்ஸ் என்னும் மெல்லிய சிகரெட் பெண்களுக்கென்றே வந்தபோதும் விளம்பரம் பேசியது விடுதலையைத்தான்.

இந்தியாவிலும் 1990இல் கோல்டன் டொபாக்கோ நிறுவனம் ‘மிஸ்’ என்ற பெயரில் பெண்களுக்கான சிகரெட்டைக் கொண்டுவந்தது, கண்டனங்களும் எழுந்தன. நகரத்துப் படித்த பெண்ணை நோக்கி வீசப்பட்ட வலை அது. மேலைநாடுகளில் சிகரெட் முதலில் வசதியும் கல்வியும் உடைய பெண்களிடம் சென்று, அவர்கள் அதன் தீமையறிந்து விலகியபின் ஏழைப்பெண்களிடம் தங்கிவிட்டது. இங்கே புகையிலை தொடக்கம் முதலே கல்வி எட்டாத பெண்ணிடம் இருக்கிறது. விளம்பரம் இல்லாமலே இருக்கிறது. வழிகள் வேறாயினும் போய்ச்சேரும் வீடு இரண்டிடத்தும் ஒன்றாகவே இருப்பது கவனிக்கத்தக்கது.

தமிழ்ப் புலவர்களும் இதில் முற்றிலும் கைகழுவிக்கொள்ள இயலாது. சீனிச்சர்க்கரைப் புலவர் பாடிய ‘புகையிலை விடு தூது’ உ. வே. சாமிநாதையர் பதிப்பித்து வெளியிட்ட நூல். பழனி முருகன்மீது காதல் கொண்ட தலைவி புகையிலையைத் தூது விடுகிறாள். மூவர் கையிலிருந்த இலைகளுள் பிரமனுடையது மட்டும் போகாமல் நின்றமையால் ‘போகையிலை’ என்றாகிப் புகையிலை ஆயிற்று என்று ஒரு சிலேடைக் கதையையும் புலவர் கட்டியிருக்கிறார். நயமான நூல்தான், புலவரின் புகையிலைப் பற்றும் நகைச்சுவையும் வெளிப்படை. ஆனால் அன்னத்தையும் கிளியையும் நெஞ்சையும் தூதுவிட்ட தமிழ்த் தலைவியின் வாயில் ஓர் ஆண் தன் பழக்கத்தைப் புகழ்ச்சியாக வைத்துப் பேசவைத்தான் என்பதும் உண்மை. அவள் தன் வாயால் தன் புகையிலையைப் பற்றிச் சொல்லியிருந்தால் அந்நூல் எப்படி இருந்திருக்கும் என்பதை இவ்வட்டத்துப் பெண்கவிஞர்கள் யாரேனும் எழுதிப் பார்க்கலாம்.

காஞ்சிபுரத்தில் நின்று புகையிலையைப் பற்றிப் பேசும்போது பேரறிஞர் அண்ணாவை நினையாமல் இருக்கமுடியாது. பொடியும் வெற்றிலையும் புகையிலையும் அவரோடு சேர்த்து அன்போடு நினைவுகூரப்படுபவை. முதலமைச்சராக இரண்டாண்டும் நிறைவுறாத நிலையில் 1969 பிப்ரவரி 3ஆம் நாள் புற்றுநோய் அவரைக் கொண்டுசென்றது. அவர் பெயரால் நகரை ஒட்டிய காரைப்பேட்டையில் அரசுப் புற்றுநோய் மருத்துவமனை இயங்குகிறது. அதற்கும் முன்னரே, 1954இல், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் அடையாற்றில் புற்றுநோய் நிலையம் தோன்றியது. தங்கை புற்றுநோயால் இறந்த துயரமே அவரை அப்பணியில் செலுத்தியது என்பது பலரும் அறிந்ததே.

மருத்துவமனை பக்கத்தில் இருந்தும் பெண்கள் காலந்தாழ்ந்தே வருகிறார்கள். வாய்ப்புண் ஆறவில்லை என்பதை ஒரு நாள் கூலியை இழந்துபோய்ச் சொல்லத்தக்க நோயாக அவர்கள் எண்ணுவதில்லை. துணைக்கு வர ஆள் வேண்டும். பேருந்துக்குக் காசு வேண்டும். “இதற்கெல்லாமா” என்ற கேள்விக்கு விடை வேண்டும். வலி எடுக்கும் இடத்திலேயே மேலும் ஒரு கிள்ளுப் புகையிலையை அடக்கினால் மரத்துப்போகிறது. ஆகவே நோய் தன் மருந்தைத் தானே கேட்டு வாங்கிக்கொள்கிறது. கருவுற்ற காலத்திலும் இது நிற்பதில்லை. மும்பையில் 1,217 பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2004இல் வெளியான ஆய்வு, புகையற்ற புகையிலை கொண்ட தாய்மாரின் குழந்தைகள் சராசரியாக 105 கிராம் எடை குறைந்து பிறந்தமையைக் காட்டியது. புகையிலை சேர்த்த வெற்றிலை புற்றை உண்டாக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1985இலேயே அறிவித்தது. புகையிலை சேராத வெற்றிலை பாக்கும் அத்தகையதே என்பது 2004இல் வெளிவந்த முடிவு. மங்கலப் பொருளைப் பற்றிய இச்செய்தி தமிழ் மேடைகளில் இன்னும் சரியாகச் சொல்லப்படவில்லை.

சட்டம் தன் பங்குக்கு நடந்திருக்கிறது. 2003இல் புகையிலைப் பொருள் கட்டுப்பாட்டுச் சட்டம். 2008 அக்டோபர் 2 முதல் பொதுவிடத்தில் புகைக்கத் தடை. தமிழ்நாட்டில் 2013இல் குட்காவுக்கும் மெல்லும் புகையிலைப் பண்டங்களுக்கும் தடை. கடைசியில் சொன்னதைச் சென்னை உயர் நீதிமன்றம் 2023 ஜனவரியில் செல்லாது என்றது. உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை அவ்வாண்டே நிறுத்திவைத்தது. பொதுவிடம் என்னும் சொல்லுக்குள் தறியிருக்கும் வீடும் முறமிருக்கும் திண்ணையும் அடங்குவதில்லை.

இவ்வவையிலிருந்து வீடு திரும்புவோர் தம் இல்லத்து மூத்த பெண்களிடம் கேட்கவேண்டியது ஒன்றுண்டு. வாயை நன்றாகத் திறக்கச் சொல்லி, அவர்களுடைய விரல்கள் மூன்றைச் சேர்த்து நிமிர்த்தி மேற்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் இடையே நுழைகிறதா என்று பார்க்கச் சொல்லவேண்டும். நுழையாவிட்டாலும், கன்னத்தின் உட்புறத்திலோ நாவின் ஓரத்திலோ வெண்படலமோ செம்படலமோ இரண்டு வாரத்துக்கும் மேலாக ஆறாத புண்ணோ இருந்தாலும், மருத்துவரிடம் காட்டவேண்டும். இதற்கு ஒரு கைவிளக்கும் ஒரு கண்ணாடியும் போதும்; பகல் வெளிச்சத்தில், தறிக்கு அருகிலேயே பார்த்துவிடலாம்.